வாசிக்கிறவர்களை வேடிக்கை பார்த்தவர்

பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆளை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் அவர் என்ன செய்வார்? முதலில் வேட்டியைச் சரிசெய்துகொள்வார். பிறகு சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். அப்புறமும் நீங்கள் பார்வையை எடுக்கவில்லை என்றால் பேப்பரை உங்கள் பக்கம் நீட்டி, "இந்தாங்க, நீங்களே படிங்க" என்பார். பார்ப்பது ஒரு பெண்ணாக இருந்தால் பெஞ்சே காலியாகிவிடும்.

ராஜபாளையத்தில் அப்படிப் பல பெஞ்சுகளைக் காலி செய்த ஒருவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். அச்சில் தன் பெயர் வருவது அவருக்குப் பிடிக்காது. ஆபீசில் எல்லோருக்கும் அவர் 'சர்குலேஷன் மேடம்'. என்னைவிட எட்டு வயது இளையவர். என்னை 'அண்ணாச்சி' என்பார். அந்த 'அண்ணாச்சி'யில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் முயன்றதில்லை. விடை தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

பயம் என்றதும் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதலாளியிடமிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவன் நான். வீட்டில் குளித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். வேலை போய்விடும் என்று ஒவ்வொரு மாதமும் எனக்குத் தகவல் வரும். அனுப்புவது என் வயிறு. ராஜினாமாக் கடிதம் ஒன்றைத் தேதி போடாமல் எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஒருமுறை அது சட்டையோடு சேர்ந்து துவைக்கப்பட்டபோது, நல்ல சகுனம் என்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன்.

எங்கள் பேப்பர் தினசரியாகப் பிறந்ததில்லை. முதலாளியின் அப்பா வைத்திருந்தது கல்யாணப் பத்திரிகையும் மில்களுக்கு வருகைப் பதிவேடும் அடிக்கிற அச்சகம். அதில் ஓய்வாகக் கிடந்த மிஷினில் வாரம் ஒருமுறை நாலு பக்கம் அடித்தார்கள். அது வாரம் இருமுறையாகி, தினசரியாகி, வில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை மாடியில் இரண்டாவது ஆபீசும் வந்தது. அந்த ஆபீசுக்கு மாற்றலாகிப் போனவர்கள் எல்லோரும் இரண்டு சுற்றுப் பெருத்தார்கள். பிறகு பன்னிரண்டு பக்கம். அங்கேதான் நின்றுபோனோம். விற்பனை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேடம் ஆபீசுக்குள் வந்தார். வேலை கேட்டு வரவில்லை. சண்டை போட வந்தார். அப்போது அவர் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் பிரிவில் இருந்தார். ஷிப்டு முடிந்து தலைமுடியில் பஞ்சோடு நேரே வந்து, முதலாளி மேஜையில் அன்றைய பேப்பரைப் போட்டார்.

"சார், மூணாம் பக்கமும் பத்தாம் பக்கமும் எந்தத் தாள்ல இருக்குன்னு பாத்தீகளா?"

முதலாளி பேப்பரைப் பிரித்தார். மூன்றாம் பக்கம் உள்ளூர்ச் செய்தி. பத்தாம் பக்கம் விளையாட்டு. இரண்டும் ஒரே தாளில் இருந்தன.

"எங்க கேண்டீன்ல ஒரே ஒரு பேப்பர் வருது. ஆம்பளைக கிரிக்கெட்டுக்குன்னு அந்தத் தாள உருவிக்கிட்டுப் போயிருதாக. பொம்பளைக எங்களுக்குத் தண்ணி என்னைக்கு, கரண்டு என்னைக்குப் போவும்னு பாக்கணும். தெனம் சண்டை. ஒங்களுக்கு யாரும் சொல்லலயா?"

யார் சொல்வது? மூன்றாம் பக்கத்தின் பொறுப்பாளரே நான்தான். அந்தப் பக்கத்தைப் பல வருடமாக நான் கம்ப்யூட்டர் திரையில் தனிப் பக்கமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதற்கு முதுகு உண்டு, பக்கத்து வீடு உண்டு என்றெல்லாம் யோசித்ததில்லை.

மறுவாரம் உள்ளூர்ப் பக்கம் ஐந்தாம் பக்கமாகி நடுத்தாளுக்குப் போனது. நடுத்தாளை உருவினால் மற்ற பக்கங்கள் குலையாது. அதற்கடுத்த மாதம் அவர் விற்பனையைப் பார்க்கும் எங்கள் சர்குலேஷன் பிரிவில் சேர்ந்தார்.

அவருடைய வேலைமுறை இவ்வளவுதான்: ஸ்கூட்டரில் ஓர் ஊருக்குப் போவார். பேப்பர் வாசிக்கிற இடமாகப் பார்த்து நிற்பார். பார்ப்பார். யாரிடமும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

"கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா என்ன மேடம்? ஒரு படிவம் அடிச்சுக் குடுப்போமே?" என்று நான் ஒருமுறை சொன்னேன்.

"கேட்டா பொய் சொல்லுவாக அண்ணாச்சி. எங்கிட்ட யாராச்சும் கேட்டாலும் தலையங்கம்தான் படிக்கேன்னு சொல்லுவேன்."

தலையங்கம் எழுதுகிறவர் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எண்ணும்போது மட்டும் அது வெளியே வரும். உதடு அசையாமல், "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று ஒரு பேப்பர் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார். வத்திராயிருப்பில் இப்படி நின்றுகொண்டிருந்தபோது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து ஒருவர் உள்ளே போய்ச் சட்டை மாற்றிவிட்டு வந்தார். காப்பியும் வந்தது. மேடம் காப்பியைக் குடித்தார். குடித்துக்கொண்டே, அந்த ஊரில் தேங்காய் வியாபாரிகள் நின்றபடியே விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பேப்பரைக் கைமாற்றுவதையும், அந்த விலை சரியாகப் பேப்பரின் மடிப்பில் அச்சாகி எழுத்து தேய்ந்து கிடப்பதையும் கவனித்தார். "மடிப்புல இருந்து ரெண்டு அங்குலம் மேல தூக்குங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்." தூக்கினோம். இரண்டே மாதத்தில் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஒரு கட்டு போன இடத்தில் இரண்டு கட்டுகள் போயின.

மம்சாபுரத்தில் ஒரு சலூன். சவரம் செய்துகொள்கிறவர் பேப்பரைப் பிடிக்க முடியாதாகையால், சவரம் செய்கிறவர் ஓரக்கண்ணால் பார்த்துத் தலைப்புகளை உரக்க வாசிப்பாராம். மேடம் திரும்பி வந்து நேரே என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணாச்சி, தலைப்பைச் சின்னதா வைங்க."

"ஏன் மேடம், அழகா இல்லையா?"

"அழகாத்தான் இருக்கு. அங்க ஒருத்தன் கழுத்துல கத்தி இருக்கு."

எட்டு வார்த்தைத் தலைப்புகளின் மன்னனாக இருந்த நான் அன்றிலிருந்து நாலு வார்த்தைக்கு இறங்கினேன். ஒவ்வொரு தலைப்பை எழுதும்போதும் என் கையே கழுத்துக்குப் போய்வரும்.

அவர் எழுதும் அறிக்கைகள் ஒரே பக்கம்தான். கையால் எழுதியிருக்கும். மேலே 'பார்த்தது' என்று இருக்கும். கீழே பார்த்தது மட்டும் இருக்கும். 'என் கருத்து' கிடையாது. 'அநேகமாக' கிடையாது. நல்லவர் பெயரைக் காப்பாற்றுவதும் கெட்டவரைப் போட்டுக்கொடுப்பதும் கிடையாது. விளம்பரப் பிரிவில் ஒருவர், தன் பெயர் வந்த ஓர் அறிக்கையில் ஒரு வரியை மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். "நீங்க செஞ்சத மாத்துங்க, அடுத்த தடவ போய்ப் பாத்துட்டு மாத்தி எழுதுதேன்" என்றார் மேடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் மீது எனக்கிருந்த பிரியமும் கிலியும் ஒரே இடத்தில் பிறந்தவை.

கம்பெனி வளர்ந்தது. புது மிஷின் வந்தது, ஆபீசுக்கு மூன்றாவது மாடி வந்தது, பக்கத்து மாவட்டங்களுக்கு வேன்கள் போயின. வேன்கள் தூரம் போகப் போக இங்கே பக்கத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டியிருந்தது. ராஜபாளையத்துக்கு ஓர் ஐந்தாம் பக்கம், வில்லிபுத்தூருக்கு வேறோர் ஐந்தாம் பக்கம் என்று இரண்டு போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் மிஷினை நிறுத்தி அந்தப் பக்கத்தின் அச்சுப் பிளேட்டை மாற்ற வேண்டும். அந்த நேரத்தை மிச்சம் பிடித்தால் வேன் இன்னும் நாலு ஊர் போகும் என்று மேலே முடிவாயிற்று. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை. ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கி ஒரு வாரம் போட்டுப் பார்ப்பது, சர்குலேஷன் மேடம் பார்த்து எழுதுவது, அதை வைத்து முதலாளி தீர்மானிப்பது என்று ஏற்பாடு.

பக்கம் ஒன்றானால் பொறுப்பாளரும் ஒருவர்தான். ராஜபாளையத்துக்கு நான், வில்லிபுத்தூருக்கு இன்னொருவர். ஓர் உறைக்கு இரண்டு கத்தி, இரண்டும் மழுங்கல். சோதனை வாரத்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாமல், தவறு செய்ய எனக்குத் தந்த வாய்ப்பாகவே எடுத்துக்கொண்டேன். என் கணிப்பு வீண்போகவில்லை.

நான்காம் நாள் காலை எட்டரைக்கு மேடம் என் வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தார்.

"அண்ணாச்சி, சட்டையப் போட்டுட்டு வாங்க."

"என்ன மேடம்? முதலாளி கூப்பிட்டாரா?"

"ஏறுங்க."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து இரண்டு விரலால் நாடியைப் பிடித்துக்கொண்டே போனேன். ஏழாவது வார்டில் ஒரு தெரு முனையில் இறக்கிவிட்டு, அவர் எதிரேயிருந்த பெட்டிக்கடை ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

தெருக்குழாயின் முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. ஐந்தாறு பெண்கள். ஒருத்தி கையில் எங்கள் நடுத்தாள்.

"எட்டு மணிக்குன்னு போட்டிருக்கு. மணி ஒம்போது ஆவப்போவுது."

"ஏட்டி, நேத்துப் பேப்பரா இருக்கும், பாரு."

"இன்னைக்குத் தேதிதான்டி. இந்தா."

"போடுதவன் வீட்டுல போர் இருக்கும். அவனுக்கென்ன, காலாட்டிக்கிட்டே எழுதிருவான்."

நான் காலாட்டுவதை நிறுத்தினேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முந்தின நாள் இரண்டு ஊர்த் தண்ணீர்ப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் போட்டிருந்தேன். இரண்டு ஊரிலும் வார்டுகளுக்கு எண்தான். ராஜபாளையம் என்ற தலைப்பின் கீழ் வில்லிபுத்தூர்ப் பட்டியலையும், வில்லிபுத்தூரின் கீழ் ராஜபாளையத்துப் பட்டியலையும் வைத்துவிட்டேன். இங்கே குடங்கள் காத்துக்கிடக்கின்றன. அங்கே குழாயில் தண்ணீர் வந்து, பிடிக்க ஆளில்லாமல் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த முறை வர எத்தனை நாளாகுமோ.

"நீரு ஆரு? இங்க எதுக்கு நிக்கீரு?" என்றாள் ஒரு பெண்.

மனிதனுக்கு ஆபத்து நேரத்தில் உண்மை வாயில் வரும் என்பார்கள். எனக்கு வந்தது, "கேஸ் அடுப்பு ரிப்பேர்."

"நல்ல நேரத்துல வந்தீரு. செத்த நில்லும்" என்று உள்ளே போனவள், இரண்டு பர்னர் அடுப்பைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். ஒரு பக்கம் எரியவில்லையாம். தலையிலிருந்த ஊசியையும் கழற்றித் தந்தாள். பத்திரிகைத் துறையில் நீண்ட அனுபவம் உள்ள நான் தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பர்னர் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தத் தொடங்கினேன். நிமிர்ந்தால் பெட்டிக்கடை. அதன் ஓரத்தில் இரண்டு கண்கள்.

நடுத்தாளை வைத்திருந்த பெண் குடத்தின் மேல் உட்கார்ந்து, விரலை வைத்து அந்த வரியை மறுபடி வாசித்தாள். உதடு அசைந்தது. குழாயைப் பார்த்தாள். திரும்ப விரலை வைத்து இன்னும் மெதுவாக வாசித்தாள். சரியாக வாசித்தால் தண்ணீர் வந்துவிடும் என்பதுபோல இருந்தது.

"மில்லுக்கு லீவு சொல்லிட்டு உக்காந்திருக்கேன். போன முறையும் பிடிக்க முடியல," என்றாள் யாரிடமென்றில்லாமல். பிறகு என் பக்கம் வந்தாள். "நான் அஞ்சாப்புதான் படிச்சேன் அண்ணாச்சி. நாந்தான் தப்பா வாசிக்கேன் போல. நீங்க ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க."

வாங்கினேன். 'ஏழாவது வார்டு, காலை 8 மணி.' நான் வைத்த எழுத்து, நான் வைத்த தலைப்பு.

இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அம்மா, நீ சரியாகத்தான் வாசித்தாய், தப்பு என்னுடையது என்று. பத்து வார்த்தைகூட வராது. நான் சொன்னது வேறு: "எழுத்து பொடிசா இருக்கு. சரியாத் தெரியல."

"அதான பாத்தேன்," என்றாள் அவள். அலுத்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று தாளை மடித்துப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் இறங்கும்போது மேடம் கேட்டார்.

"அடுப்பு எரிஞ்சுச்சா?"

"எரியல மேடம். எரிஞ்சுக்கிட்டிருந்த பக்கமும் நின்னுபோச்சு."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

மறுநாள் பட்டியலை மாற்றி வைத்தேன். பழையதைப் பற்றி ஒரு வரியும் போடவில்லை. நம் தவற்றை நாமே எதற்கு விளம்பரம் செய்ய வேண்டும்?

வாரம் முடிந்து கூட்டம். முதலாளி, வில்லிபுத்தூர்ப் பொறுப்பாளர், மிஷின் பிரிவின் தலைவர், மேடம், நான். முதலாளிக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்தார்கள். கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மேடம் அறிக்கையை நீட்டியதும், "அவருட்ட குடும்மா. நீரு வாசியும்" என்று என்னைக் காட்டினார்.

வாசித்தேன். "ராஜபாளையத்தில் பார்த்த இடங்களில் வில்லிபுத்தூர்ச் செய்திகளின் மேல் யார் கண்ணும் நிற்கவில்லை. வில்லிபுத்தூரில் ராஜபாளையம் செய்திகளும் அப்படியே. பக்கத்தைத் திருப்பித் தன் ஊரைத் தேடியவர்கள் பலர். ராஜபாளையம் ஏழாவது வார்டில் தண்ணீர் நேரம் தவறாக வந்திருந்தது. ஒரு பெண் மில்லுக்கு லீவு சொல்லிக் காத்திருந்தார்."

வாய் ஒரு வரியில் இருக்கும்போது கண் மூன்று வரி முன்னால் போய்விடும். அது எங்கள் தொழில். அடுத்திருந்ததை என் கண் பார்த்துவிட்டது.

விட்டுவிடலாம். முதலாளி கண் மூடியிருக்கிறார். மற்றவர்கள் தாளைப் பார்க்கவில்லை. இரண்டு வரியைத் தாண்டிக் கையெழுத்துக்குப் போய்விட்டால் பக்கம் எனக்கே கிடைக்கக்கூடும். என் மகளின் கல்லூரிப் படிப்பு, அம்மாவின் மாத்திரை, எல்லாம் அந்த இரண்டு வரிக்கு அந்தப் பக்கம் பத்திரமாக நின்றுகொண்டிருந்தன.

நிமிர்ந்தேன். மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. தாளில் என் கண் எங்கே நின்றது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டலில்லை, கெஞ்சலில்லை. தேங்காய் வியாபாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேட்டியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்போல இருந்தது. பேண்ட் போட்டிருந்தேன்.

"அந்தப் பெண் தனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்றார். பக்கம் போட்டவர் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் கேட்டபோதும் சொல்லவில்லை."

வாசித்துவிட்டேன்.

"பக்கம் போட்டவருன்னா?" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமல்.

"நாந்தான், முதலாளி."

"ம்." கன்னத்தில் வழிந்த சொட்டுமருந்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு ஊரும் ரெண்டு பக்கமாவே போகட்டும். பிளேட் மாத்துற நேரத்த வேற எங்கயாவது பிடிங்க. நாளைக்கு அஞ்சாம் பக்கத்துல மொத பத்தியிலயே திருத்தம் வரணும். நீரு ஆறு மாசம் ப்ரூப் பாரும். பொறவு பாப்போம்."

வேலை போகவில்லை, நாற்காலி போயிற்று. படியிறங்கும்போது எனக்கு மூச்சு சீராக வந்தது. அதுவே பயமாக இருந்தது. இவ்வளவு சீராக வந்து பழக்கமில்லை.

கீழே மேடம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? அந்த ரெண்டு வரிய விட்டுட்டு வாசிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"

"விட்டுட்டு வாசிச்சாருன்னு எழுதிக் குடுத்திருப்பேன்," என்றார். அப்புறம் பின்சீட்டைக் கையால் தட்டினார். "ஏறுங்க. அந்த அக்காவுக்கு இந்நேரம் ஷிப்டு முடிஞ்சிருக்கும்."

"நாளைக்குத்தான் திருத்தம் வருதே?"

"அது பேப்பர் வாங்குறவுகளுக்கு. அந்த அக்கா வாங்குறதில்ல, கடையில இருந்து எடுத்துட்டு வந்து வாசிக்கும். நாளைக்குக் கடைக்குப் போவுதோ என்னமோ."

போனோம். இருட்ட இன்னும் நேரமிருந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து தலைமுடியில் இருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்து வீட்டைப் பார்த்து, "ஏட்டி, அடுப்புக்காரர் வந்திருக்காரு, வா. அன்னைக்குக் கெடுத்துட்டுப் போனதுக்கு என்னன்னு கேளு" என்று குரல் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி கரண்டியோடு வந்தாள்.

நான் சொன்னேன். அடுப்புக்காரன் இல்லை, பேப்பர்காரன் என்று. அந்தப் பட்டியலை வைத்தது நான்தான், இரண்டு ஊரையும் மாற்றி வைத்துவிட்டேன் என்று. அன்றைக்கே தெரியும், பயத்தில் சொல்லவில்லை என்று. பத்து வார்த்தையில் முடிய வேண்டியது பதினைந்து நிமிடம் ஆயிற்று. லீவு போனதற்கு, குடம் வெறுமையாகத் திரும்பியதற்கு என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று தலையைக் குனிந்து நின்றேன். கரண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேன்.

அவள் லீவைப் பற்றியும் கேட்கவில்லை, தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை.

"அப்ப, ஏழாவது வார்டு எட்டு மணின்னுதான் போட்டிருந்துச்சா?"

"ஆமா."

"பொடி எழுத்தெல்லாம் இல்ல?"

"இல்லம்மா. நல்லாத் தெரியுத எழுத்துதான்."

அவள் பக்கத்து வீட்டுக்காரியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏட்டி, கேட்டியா? நான் சரியாத்தான்டி வாசிச்சிருக்கேன்!"